ஆடியில் ஏறிய நொதி

ஜூன் 9, திங்கள்

எடை அறுபத்தொரு கிலோ. காய்ச்சல் இல்லை. இரவில் வியர்வை இல்லை. கழுத்திலும் அக்குளிலும் கட்டி இல்லை. நாள்தோறும் இவ்வளவைக் குறித்து வைத்தால் போதும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் எழுதுவது என் சொந்தக் கோளாறு.

எனக்கு இரத்தப் புற்றுநோய். நாள்பட்ட வகை, வயதானவர்களிடம் வந்து, சத்தம் போடாத குடித்தனக்காரனைப் போல் பல ஆண்டுகள் இருந்துகொள்ளும் வகை. நான்கு ஆண்டுகளாக மருந்து கிடையாது, கண்காணிப்பு மட்டும். "என்ன மருந்து சாப்பிடுறீங்?" என்று கேட்பவர்களிடம் "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொன்னால், டாக்டர்கள் கைவிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு மறுநாள் சாத்துக்குடியோடு வருகிறார்கள்.

பார்த்துக்கொண்டிருப்பது சில எண்களைத்தான். அவற்றுள் எல்.டி.எச். என்னும் நொதி எனக்குப் பழைய அறிமுகம். அது உடலின் எல்லா உயிரணுக்களிலும் உண்டு. உயிரணு உடைந்தால் இரத்தத்தில் கசியும். எங்கே உடைந்தது என்று மட்டும் சொல்லாது. வீட்டுக்குள் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்கும். எந்த அறையில் என்று தெரியாது. கோயமுத்தூரில் ஒரு மகளிர் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியையாக இதைத்தான் ஆயுள் முழுவதும் கற்பித்தேன்.

இன்று எல்.டி.எச். 204. இருநூற்றைம்பது வரை யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. வெள்ளணுக்கள் மட்டும் சற்றுக் கூடியிருப்பதால், இம்முறை மூன்று மாதம் காத்திராமல் அடுத்த மாதமே வரச் சொன்னார் டாக்டர் ரொசாரியோ. தூத்துக்குடிக்காரர். என் மாணவிகளின் பிள்ளைகள் வயதிருக்கும். கெட்டிக்காரர், அதை அவரிடம் சொல்லியதில்லை.

ஜூன் 14, சனி

தங்கை நாச்சாத்தாள் கும்மி வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அறுபத்தெட்டு வயது. கணவர் போன பிறகு அவளும், ஓய்வு பெற்ற பிறகு நானும், அன்னூரில் ஒரே வீட்டில் இரண்டு விதமான சாம்பார்க் கொள்கைகளோடு வாழ்கிறோம்.

இந்தப் பக்கத்து ஊர்களில் இப்போது எங்கு பார்த்தாலும் கும்மிதான். பள்ளி மைதானத்தில் மாலைதோறும் பயிற்சி. ஆவணி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அரங்கேற்றம். ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுவார்களாம்.

"ஏக்கா, நீயும் வாயேன். ஊரே போகுது."

"ஊரு போகட்டும். ஊட்டப் பாத்துக்க ஒரு ஆளு வேணுமல்லோ?"

"உனக்குக் குதிக்க வராது. அதான் எரிச்சல்."

"கூட்டமா நின்னு கை தட்டறது கலைன்னா, கொசு அடிக்கறதும் கலைதான்."

இதை வாசலில் நின்று சொன்னது தவறு. எதிர்ச் சாரியில் மாவு மில் வைத்திருக்கும் ருக்குமணி கேட்டுவிட்டாள். மாலைக்குள் அன்னூர் முழுவதும் அரைபட்டு விநியோகமாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

நாச்சிக்கு நாய் பயம். ஆகவே மைதானம் வரை துணைக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். ஆசிரியர் சென்னியப்பன் பகலில் லேத் பட்டறை நடத்துகிறவர். மாலையில் மைக்கைப் பிடித்துப் பாடுகிறார். வட்டமாக நிற்கும் பெண்கள் குனிந்து, நிமிர்ந்து, சுழன்று, ஒரு துள்ளலில் கை தட்டுகிறார்கள். பார்க்கும்போது எளிதாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அது ஒரு தந்திரம்.

ஜூன் 21, சனி

கும்மியில் ருக்குமணிக்கு ஜோடியாக ஆடுகிறவளுக்குக் காய்ச்சல். சென்னியப்பன் மைக்கிலேயே கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, நீங்க ஆட வேண்டாமுங். சும்மா நின்னாப் போதுமுங். எடம் காலியா இருந்தா வட்டம் சொத்தப் பல்லாட்டத் தெரியுது."

நின்றேன். எல்லோரும் சுழலும்போது ஒருத்தி மட்டும் நிற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. அதனால் நகர்ந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

தொடை இரண்டும் வலி. ஈரக்காற்று.

ஜூலை 4, வெள்ளி

ருக்குமணியின் ஜோடி இனி வரப்போவதில்லையாம். பாதியில் விட்டுவிட்டு வருவது நாகரிகமில்லை என்பதால் போய்க்கொண்டிருக்கிறேன். எடை அறுபதுக்குக் கீழே வந்துவிட்டது. ஏனென்று தெரியவில்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

இன்று நாலாவது பாட்டில் இடம்புறம் திரும்ப வேண்டிய இடத்தில் வலம்புறம் திரும்பி ருக்குமணியின் நெற்றியில் மோதினேன். அந்த அடவில் உடலின் எடை எந்தக் காலில் இருக்க வேண்டும் என்பதைச் சென்னியப்பனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க படிச்சவிங்க டீச்சரம்மா. காலு இன்னும் பள்ளிக்கூடமே போகலீங்" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். நாச்சி உட்கார்ந்து சிரித்தாள்.

இரவு தோசைக்கல் காயும் இடைவெளியில் அந்தத் திருப்பத்தைப் பலமுறை செய்து பார்த்தேன். தோசை கருகியது. திருப்பம் வந்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

எல்.டி.எச். 338.

யூரிக் அமிலமும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் புரதம், புற்றணுக்கள் பெருகினால் கூடுவது, அசையவில்லை. எடை ஐம்பத்தெட்டரை. டாக்டர் ரொசாரியோ வயிற்றை அழுத்தி மண்ணீரலைத் தேடினார், கிடைக்கவில்லை. கட்டியும் இல்லை. அவருடைய முகம் அதனால் தெளியவில்லை.

"சாப்பாட்டைக் குறைச்சீங்களாம்மா?"

"இல்லை."

"வியர்வை?"

"சாயங்காலம் உண்டு. இரவில் இல்லை."

"கனமா ஏதாச்சும் வேலை பாத்தீங்களா? தோட்ட வேலை, மூட்டை முடிச்சு தூக்குறது?"

"இல்லை."

அவர் கும்மியைப் பற்றிக் கேட்கவில்லை. கொசு அடிப்பதைப் பற்றி நான் சொன்னது ஊரறிந்த பிறகு, அதையெல்லாம் நானாக எடுத்துரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேலும் அது வேலையில் சேராது.

இரண்டு வாரத்தில் மீண்டும் வரச் சொன்னார்.

ஜூலை 15, செவ்வாய்

குறிப்புக்காக எழுதி வைக்கிறேன். இந்த நோய் சிலரிடம் மட்டும், பல ஆண்டுச் சோம்பலை விட்டுவிட்டுத் திடீரென முரட்டு வகையாக மாறும். அப்போது எடை குறையும், எல்.டி.எச். ஏறும். அதன் பிறகு பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கடுமையான மருந்துகள், என் வயதில் பெரும்பாலும் பயனில்லாமல். டாக்டர் இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

பயம் என்று ஒன்றும் இல்லை. பாலைப் பொங்கவிட்டேன், அது அடுப்பின் கோளாறு.

நாச்சியிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஊரில் ஒரு சாத்துக்குடி மிஞ்சாது.

ஜூலை 19, சனி

புத்தகங்களைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கலாமென்று கட்டினேன்.

"எதுக்கு இப்ப இதையெல்லாம் கட்டறே?" என்றாள் நாச்சி.

"கரையான்."

"ஒரு கரையானைக் காணமே?"

"அதுக்குள்ள கட்டோணும்."

ஜூலை 23, புதன்

கடைசி மூன்று பாட்டும் ஆடினேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க ஒதுங்குவேன். எத்தனை மாலைகள் கிடைக்கும் என்று தெரியாத நிலையில் ஒதுங்கி நிற்பதில் பொருளில்லை. சென்னியப்பன் என்னை உள்வட்டத்துக்கு மாற்றிவிட்டார். உள்வட்டத்தில் துள்ளல் அதிகம். "டீச்சரம்மா நெம்ப வெசையா ஆடறாங், பாத்துக் கத்துக்கோங்" என்று மைக்கில் சொன்னார். எழுபத்திரண்டு வயதில் கிடைத்த பதவி உயர்வு.

அரங்கேற்றச் சேலை வந்துவிட்டது. கிளிப்பச்சையில் அரக்குக் கரை. இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் மீது வழக்குத் தொடுக்க இடமிருக்கிறது. கட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் சற்று நேரம் நின்றது, கரை நேராக இருக்கிறதா என்று பார்க்க.

ஜூலை 28, திங்கள்

எல்.டி.எச். 431. எடை ஐம்பத்தேழு.

நேற்று மாலை வழக்கத்தை விட நீண்ட பயிற்சி. இன்று விடியற்காலையில் கோயமுத்தூர் பேருந்து. ஊசி குத்தும்போது கையைத் தூக்கவே முடியவில்லை. நோயின் களைப்பு இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது.

டாக்டர் ரொசாரியோ உடல் முழுவதற்கும் பெட் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். "ஆறாந்தேதி வாங்கம்மா. வரும்போது வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க." மாணவிகளின் பெற்றோரை இந்தத் தொனியில் நானும் அழைத்திருக்கிறேன்.

மாலை கும்மிக்குப் போனேன். அங்கே இருக்கும் வரை எந்த எண்ணும் ஞாபகம் வரவில்லை. வீடு திரும்பும்போது செருப்பைப் போட்டுக்கொள்ளும் இடத்தில் வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. நாச்சி கட்டுச்சோறு செய்தாள். "புதன்கிழமை எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா" என்றேன். "வாரேன். அப்படியே ஒப்பணக்கார வீதியில பச்சைக்கு மேட்ச்சா வளையல் எடுத்துக்கலாம்" என்றாள். எடுத்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் ரொசாரியோ நாச்சியை உட்காரவைத்து, நிதானமாக, மூன்று தடவை எடுத்த எண்களையும் சொன்னார். நாச்சிக்கு எண்கள் விளங்கவில்லை. அவர் குரல் விளங்கியது. வளையல் பட்டியலைக் கைப்பைக்குள் திணித்தாள்.

"நாளைக்குக் காலையில ஸ்கேன் எடுத்துருவோம். தேவைப்பட்டா அடுத்த வாரமே அட்மிஷன்."

"அடுத்த வாரமுங்களா?" என்றாள் நாச்சி. "பதினேழாந்தேதி வரைக்கும் பொறுக்க முடியாதுங்களா டாக்டர்?"

"பதினேழுல என்ன விசேஷம்?"

நான் அவள் காலை மிதித்தேன். அவள் கால் வலிக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

"கும்மி அரங்கேற்றமுங். அக்காதான் உள்வட்டத்துக்கே ராணி. ரெண்டு மாசமாத் தெனம் ஆடறாளுங். மொதல்ல ஒரு மணி நேரந்தான், இப்ப ரெண்டரை மணி நேரமுங். ஊட்டுக்கு வந்தும் அடுப்பங்கரையில குதிக்கறா. ஒடம்புக்கு முடியாதவளுன்னா இப்படிக் குதிப்பாளுங்களா, நீங்களே சொல்லுங்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

அவருக்கு ஒரு நொடி முன்பாகவே எனக்குப் புரிந்துவிட்டது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தசையிலும் எல்.டி.எச். இருக்கிறது. நிறைய இருக்கிறது. பழக்கமில்லாத தசையைக் குதிக்கவைத்தால் இழைகள் உடைந்து இரத்தத்தில் கசியும். முதுகலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில், "ஓட்டப்பந்தய வீரர் ஒருவரின் எல்.டி.எச். உயர்ந்திருக்கிறது, நோய் என்று முடிவு கட்டுமுன் அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி யாது?" என்று கேட்டு, விடை எழுதாதவர்களை ஈவிரக்கமின்றித் தோல்வியுறச் செய்தவள் நான்.

"கனமா ஏதும் வேலை பாத்தீங்களான்னு கேட்டேனேம்மா," என்றார் அவர், மிக மெதுவாக.

"கும்மி வேலையில் சேராது."

"ரெண்டரை மணி நேரம்."

"இடையில் சுக்குக் காப்பி தருவார்கள்."

அவர் மேசைமீது குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு நாச்சியும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. நான் சிரிக்கவில்லை. இருமினேன்.

உடனே சி.கே. பார்த்தார்கள். அது பெரும்பாலும் தசையிலிருந்து மட்டுமே வரும் நொதி. இருநூறுக்குள் இருக்க வேண்டும். என்னுடையது 1,940. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கச் சொன்னார்.

சிரித்து முடித்த பிறகு டாக்டர் மறுபடி டாக்டரானார். "தசை உடைஞ்சிருக்குங்கிறது நிச்சயம். ஆனா எல்.டி.எச். மொத்தமும் அங்கயிருந்துதான் வந்துச்சுன்னு இது சொல்லாது. ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஸ்கேனைத் தள்ளி வைக்கிறேன். ரெண்டு வாரம் ஆடாம இருங்க, திருப்பிப் பாப்போம். எறங்குனா நிம்மதி. எறங்கலைன்னா…"

"தெரியும்."

"இன்னையிலருந்து ரெண்டு வாரம்மா."

இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள்தான் ஆவணி ஒன்று வருகிறது.

சத்தி ரோட்டில் பாதி வழி நாச்சி பேசவில்லை. நான் அறிந்தவரை பேருந்தில் அவள் அவ்வளவு தூரம் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. கோவில்பாளையம் தாண்டியதும் வெடித்தாள்.

"கரையானாம் கரையான்! எங்கிட்டச் சொல்லாமத்தான புஸ்தகத்தைக் கட்டுனே? நீ பாட்டுக்குப் போயிருந்தீன்னா நான் யாருகூடச் சண்டை போடறது? ருக்குமணிகூடவா? அவளுக்குச் சண்டையே வராது!"

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் திட்டு விழுந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாச்சி பச்சைச் சேலையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவள் இடுப்பில்.

நான் டாக்டர் ரொசாரியோவைத் தொலைபேசியில் அழைத்தேன். அரங்கேற்றம் முடித்து, அதன் பிறகு இரண்டு வாரம் ஓய்ந்து, செப்டம்பர் ஒன்றாம் தேதி இரத்தம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஆடுறதுனால நோய் கூடாது. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா உள்ளுக்குள்ள நெசமாவே ஏதாச்சும் மாறியிருந்தா, அது தெரியுறதுக்கு அத்தனை நாள் தள்ளிப் போகுது. டாக்டரா கேட்டா, இப்பவே நிறுத்துங்கன்னு சொல்லுவேன்."

"டாக்டராக இல்லாமல்?"

"எங்க அம்மாவை ஆடக் கூட்டிட்டுப் போக எனக்குத் தோணவே இல்லையேன்னு நெனச்சேன்."

தெரியாமல் காத்திருப்பது எனக்குப் புதிதில்லை; நான்கு ஆண்டுகளாக அதில்தான் பயிற்சி. இறங்கினால், அரங்கேற்றத்தை விட்டதற்காக வருந்துவேன். இறங்காவிட்டால் இன்னும் அதிகமாக வருந்துவேன். இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிற கணக்கை மூன்றாம் முறை போட வேண்டியதில்லை. ஆடப் போகிறேன்.

நாச்சியிடம் சொன்னேன். அழுதாள், திட்டினாள், மூக்கைச் சிந்தினாள், ரசத்துக்குத் தாளித்தாள். பிறகு சாவியை மேசைமேல் வைத்தாள்.

"ருக்குமணிகிட்டப் பேசிட்டேன். உனக்கு நான்தான் ஜோடி. நீ உளுந்தா நான்தான் புடிக்கோணும்."

"உனக்கு உள்வட்டத் துள்ளல் வராது."

"வர வெக்கறேன்."

அடுப்பங்கரையில் இருவரும் ஆடிப் பார்த்தோம். ஒரு குவளை நெளிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

பிற்பகலில் தூறல். மைதானம் முழுக்கக் கிளிப்பச்சை. அவ்வளவு பேர் ஒன்றாக உடுத்தினால் அந்த நிறம் அழகாக இருக்கிறது. வழக்கைத் திரும்பப் பெறுகிறேன். பள்ளிச் சிறுமிகள், கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தவள், வங்கி மேலாளர், ருக்குமணி. முளைப்பாரிக்கு முன்னால் விளக்கேற்றினார்கள். சென்னியப்பன் வெள்ளை வேட்டியில், "எல்லாரும் என்ற தாய்மாருங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினார்.

முதல் பாட்டிலேயே மழை வலுத்தது. ஒருவரும் அசையவில்லை, அதாவது, எல்லோரும் அசைந்தார்கள். ஈர மண்ணில் துள்ளும்போது விழுந்த கைத்தட்டல் ஒவ்வொன்றும் தண்ணீரோடு சிதறியது. நாச்சியின் பொட்டு மூக்கு வரை வழிந்தது. நாலாவது பாட்டில் நான் மறுபடி வலம்புறம் திரும்பிவிட்டேன். விபரீதம் என்னவென்றால், படித்தவள் சரியாகத்தான் செய்வாள் என்று நம்பி எனக்குப் பின்னாலிருந்த வரிசை முழுவதும் திரும்பிவிட்டது. உள்வட்டம் இரண்டாகப் பிளந்து எதிரும் புதிருமாகச் சுற்றியது. கூட்டம் அதைப் புது அடவு என்று எண்ணி ஆரவாரம் செய்தது. சென்னியப்பன் பாட்டை விடாமல் கண்ணை மூடிக்கொண்டார். நாச்சி சிரித்துச் சிரித்து உட்காரப் போனாள். விழாமல் பிடித்தது நான்.

முடிந்தபோது என் இதயம் காதுக்குள் அடித்தது. முதல் வரிசையில் யாரோ ஒரு குழந்தை "அந்தப் பாட்டிய இன்னொருக்கா ஆடச் சொல்லு" என்று அழுதது.

இந்த மாலைக்குப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

தொடை, இடுப்பு, தோள் எல்லாம் வலி. காரணம் தெரிந்த வலி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓய்வு. நாற்காலியில் ஓய்வு, கட்டிலில் ஓய்வு. நாச்சி தண்ணீர்ச் செம்போடு காவல் நிற்கிறாள். மாலையில் கும்மிக்காரப் பெண்கள் வந்து அறையை நிரப்பினார்கள். ஒருத்தியும் சாத்துக்குடி கொண்டுவரவில்லை. முறுக்கும் வம்பும் கொண்டுவந்தார்கள். ருக்குமணி என் கைமேல் உட்கார்ந்த கொசுவை அடித்துவிட்டு, "நல்ல கலைங் டீச்சரம்மா" என்றாள். எல்லோரும் ஊளையிட்டார்கள். எனக்கு இது வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எடை ஐம்பத்தெட்டு. நாளைக்கு இரத்தம்.

நாச்சி செய்த உப்புமா நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். அவள் பயந்துபோனாள். பிறகு இருவரும் தொலைக்காட்சியில் எதையோ பார்த்தோம். அது தெலுங்கு என்பதைப் பாதியில்தான் கவனித்தோம்.

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டர் ரொசாரியோ எண்ணைச் சொல்லவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஆசிரியைக்கு அதுதான் மரியாதை.

எல்.டி.எச். 209. சி.கே. 96. யூரிக் அமிலம் இறங்கிவிட்டது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெள்ளணுக்களும் சற்றுக் குறைந்திருக்கின்றன. குடித்தனக்காரன் உறங்குகிறான்.

எழுத்துகள் சற்று மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. நாச்சி துடைத்துக் கொடுத்தாள். பிறகு டாக்டரின் மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் தலையில் இரு கையையும் வைத்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினாள். ஒரு புற்றுநோய் மருத்துவருக்குத் திருஷ்டி கழிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஸ்கேன் வேண்டாம்," என்றார் அவர், கலைந்த தலையோடு. "பழையபடி மூணு மாசம். டிசம்பர் ஒண்ணாந்தேதி வாங்க. டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு வாரம் குதிக்கக் கூடாது."

"டிசம்பர் ஒன்று வசதிப்படாது."

"ஏன்?"

"நவம்பர் முப்பது கோபியில் அரங்கேற்றம். நானும் இவளும் உள்வட்டம். பதினைந்தாம் தேதி வைத்துக்கொள்ளுங்கள்."

அவர் எழுதியிருந்த தேதியை அடித்துவிட்டு, டிசம்பர் பதினைந்து என்று எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்:

"கோபியில எத்தனை மணிக்கும்மா ஆரம்பிக்கும்? எங்க அம்மாவுக்கு அங்கே முன்னாடி ஒரு நாற்காலி கிடைக்குமா?"

"நாற்காலி எதற்கு?" என்றேன்.